நான் அழித்த புள்ளிகள்

நாள் 1

மூன்று வருடமாக நான் செய்கிற வேலையை யாருக்கும் ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை. கடல்தரையை அளக்கும் கப்பல்கள் அனுப்பும் தரவைத் திரையில் விரித்துவைத்து, தப்பான புள்ளிகளை அழிப்பதுதான் வேலை. தரையோடு ஒட்டாமல் நடுத்தண்ணீரில் தொங்கிக்கொண்டிருக்கும் புள்ளிகளை மௌஸால் வளைத்து டெலீட் அடிக்க வேண்டும். அந்தப் புள்ளிகளுக்கு எங்களுக்குள் குப்பை என்று பெயர். கடலையே பார்க்காமல் கடலைக் கூட்டிப் பெருக்குகிறவன் நான்.

'குப்பை எங்கேர்ந்து வருதுன்னு ஒரு தடவை நேர்ல வந்து பாரேன்' என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தவர் இந்தக் கப்பலின் தலைமை அளவையாளர். என் மொழிக்காரர், இருபது வருடமாகக் கடலில் இருக்கிறார். இதுவரை 'மேடம்' என்றுதான் பேசியிருந்தேன். ஏணியேறி மூச்சிரைத்து நின்ற நேரத்தில் வாயில் 'அக்கா' என்று வந்துவிட்டது. அவரும் அதைத் திருத்தவில்லை.

பன்னிரண்டு நாள் பயணம். சாட்டிலைட் இணைப்பு இருக்கும்போதெல்லாம் எழுதுகிறேன். படங்கள் ஏறாது, மன்னிக்கவும்.

நாள் 2

தூங்கவில்லை. குமட்டல் ஒரு காரணம், கீச்சு இன்னொரு காரணம்.

என் கேபின் தண்ணீர்மட்டத்துக்குக் கீழே. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பறவைக்கூண்டு வைத்திருக்கிற மாதிரி, சில விநாடிக்கு ஒருமுறை 'கீச்'. காலையில் கேட்டதற்கு அக்கா சிரித்தார். கடலடிச் சேற்றுக்குள் பத்து இருபது மீட்டர் ஊடுருவிப் பார்க்கும் கருவி அது. 3.5 கிலோஹெர்ட்ஸில் கத்துகிறது. பக்கத்திலேயே, ஒலி அனுப்பி எதிரொலியை வைத்துத் தரையை அளக்கும் பெரிய சோனார் 12 கிலோஹெர்ட்ஸில். இரண்டுமே மனிதக் காதுக்கு எட்டும் ஒலிகள். 'உனக்கு 12 கேக்குதா? எனக்கு இப்பல்லாம் கேக்கறதில்ல. வயசு' என்றார்.

ஒலியை ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம் என்றால், வேறு வழியில்லை. சூரிய வெளிச்சம் 200 மீட்டருக்குள் ஏறக்குறைய செத்துவிடும். ரேடார் அலையை உப்புநீர் மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். ஒலிக்கோ தண்ணீர் தாய்வீடு. காற்றில் விநாடிக்கு 340 மீட்டர் போவது கடலில் சுமார் 1,500 மீட்டர் போகிறது. 1826-ல் ஜெனீவா ஏரியில் இரண்டு பேர் இதைப் படகில் உட்கார்ந்தே அளந்தார்கள். ஒரு படகில் தண்ணீருக்குள் மணியடிக்கும் அதே நொடியில் மேலே வெடிமருந்தைக் கொளுத்துவார்கள். பல கிலோமீட்டர் தள்ளி இன்னொரு படகில் அவர்களில் ஒருவரான கொலாடன் நீளக் குழாயைத் தண்ணீருக்குள் விட்டுக் காதை வைத்திருப்பார். வெளிச்சம் தெரிந்ததிலிருந்து மணி கேட்கும் வரை கணக்கு. கிடைத்த விடை விநாடிக்கு 1,435 மீட்டர். அந்த ஏரியின் குளிர்ந்த நன்னீருக்கு அது அருமையான அளவு. இவ்வளவு எளிய சாமான்களோடு இவ்வளவு சரியாக வந்த சோதனைகளைப் படித்தால் எனக்குப் பொறாமைதான் வருகிறது.

கப்பலின் அடிவயிற்றில் பிறப்பது மின்துடிப்பு. மின்சாரம் பட்டால் சில பீங்கான் வகைகள் நெளியும். அழுத்தினால் அதே பீங்கான்கள் மின்சாரம் தரும். நெளியும்போது அது வாய், அழுத்தம் வாங்கும்போது காது. முதல் உலகப்போரின்போது பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லான்ஜவான் குவார்ட்ஸ் படிகத்தை வைத்து இதைச் செய்துகாட்டினார். எங்கள் கப்பலில் இப்படிப்பட்ட துண்டுகள் முதுகெலும்பு நெடுக 8 மீட்டருக்கு வரிசையாக இருக்கின்றன. இன்னொரு வரிசை அதற்குக் குறுக்கே. நீள வரிசை கத்தும், குறுக்கு வரிசை கேட்கும். கத்தும்போது ஒலி விசிறிபோல் இடவலமாக விரியும். முன்பின்னாக அதன் தடிமன் ஒரு டிகிரிதான். கேட்கிற வரிசை அந்த விசிறியை நூற்றுக்கணக்கான கீற்றுகளாகக் கிழித்து, ஒவ்வொரு கீற்றிலிருந்தும் எதிரொலி எப்போது வந்தது என்று குறித்துக்கொள்கிறது.

கீழே 4,000 மீட்டர் ஆழம். போய்வர 8,000 மீட்டர், ஐந்தே கால் விநாடிக்குக் கொஞ்சம் கூட. அறுபது டிகிரி சாய்ந்து போன ஓரக் கீற்று திரும்பி வர இதைப் போல இரண்டு மடங்கு. கீச்சுகளுக்கு நடுவே அவ்வளவு இடைவெளி ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. கத்திவிட்டுக் கடைசி பதில் வரும்வரை காத்திருக்கிறது, பாவம்.

மூன்று வருடமாக 'ஆழம்' என்று நான் எழுதிய எண் எல்லாம் உண்மையில் நேரம்தான். சோனாருக்கு ஆழம் தெரியாது. கத்தினேன், இத்தனை விநாடி கழித்துக் கேட்டது என்று மட்டும் சொல்லும்.

நாள் 3

இன்று ஒரு முழு நாளும் அளக்கவில்லை. அளக்கிற கருவியை அளந்தோம். ஒரே கோட்டில் இப்படி ஒருதடவை, அப்படி ஒருதடவை. சமதரை மேல், பிறகு சரிவின் மேல். சோனார் கப்பலோடு பத்தில் ஒரு பங்கு டிகிரி பக்கவாட்டில் கோணலாகப் பொருத்தப்பட்டிருந்தால்கூட, 4,000 மீட்டர் ஆழத்தில் ஓரக் கீற்றுக்கு 12 மீட்டர் பிழை வரும். இரண்டு திசையிலும் ஓட்டி வந்த தரையை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், ஒன்று இடதுபக்கம் சரியும், மற்றது வலதுபக்கம் சரியும். இரண்டும் ஒட்டும்வரை எண்ணைத் திருக வேண்டும். பார்க்கச் சலிப்பு, ஆனால் இதைச் செய்யாத தரவு என் மேசைக்கு வந்தபோது நான் பட்ட பாடு ஞாபகம் வந்ததால் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன்.

மாலையில் அக்கா என் கையில் ஒரு குழாயைக் கொடுத்து, 'பின்னை இழு' என்றார். இழுத்ததும் உள்ளிருந்து குண்டுபோல ஒன்று சரேலென்று கடலில் விழுந்தது. அதன் வாலில் முடியைவிட மெல்லிய செம்புக்கம்பி. விழுந்துகொண்டே தண்ணீரின் வெப்பநிலையைக் கம்பிவழியே சொல்லிக்கொண்டு போகிறது. 760 மீட்டர் போனதும் கம்பி தீர்ந்து அறுந்தது. திரும்ப எடுப்பதில்லை, ஒருமுறைக் கருவி. 'எந்த ஆழத்துல எந்தச் சூடுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?' என்றேன். அதில் அழுத்தமானி கிடையாதாம். விழுகிற வேகம் தெரியும், விழுந்து எத்தனை விநாடி ஆச்சு என்பதை வைத்து ஆழத்தைக் கணக்குப் போடுகிறார்கள். அங்கேயும் நேரம்தான்!

வெப்பநிலை எதற்கு என்றால், அந்த 1,500 என்கிற எண் ஓரிடத்தில் நிற்காது. ஒரு டிகிரி சூடு கூடினால் விநாடிக்கு 3 மீட்டருக்கு மேல் ஏறும். உப்பு கூடினாலும் ஏறும். கீழே போகப் போக அழுத்தத்தால் நூறு மீட்டருக்கு ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏறும். மேலே சூடு, நடுவில் குளிர், அடியில் அழுத்தம். ஆக ஒலி நேராகப் போவதே இல்லை. தண்ணீருக்குள் போட்ட குச்சி வளைந்து தெரிகிற மாதிரி, அடுக்குக்கு அடுக்கு வளைந்து போகிறது. இந்த வளைவுக்கான கணக்கு தப்பானால், தட்டையான தரையின் இரண்டு ஓரமும் சேர்ந்து மேலே வளையும், இல்லையேல் கீழே தொங்கும். மேலே வளைந்தால் சிரிப்பு, தொங்கினால் அழுகை. கரையில் நாங்களும் அப்படித்தான் சொல்வோம். இந்தக் கடலடி சிரிக்கவில்லை, நடுவில் இருக்கிற தண்ணீர் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது என்பது இப்போது உறைக்கிறது.

பழைய கதை ஒன்று சொன்னார் அக்கா. 1930-களில் அமெரிக்கக் கடற்படையின் சோனார்கள் காலையில் ஒழுங்காக வேலை செய்யும், மத்தியானத்துக்கு மேல் மக்கர் பண்ணும். சாப்பிட்டுவிட்டு ஆட்கள் தூங்கிவழிகிறார்கள் என்று சந்தேகப்பட்டதாகக்கூடச் சொல்வார்கள். குற்றவாளி வெயில்தான். மேல்நீர் சூடேறியதும் ஒலிக்கற்றை கீழ்நோக்கி வளைந்து, தூரத்தில் இருக்கும் நீர்மூழ்கியைத் தொடாமலே போய்விடுகிறது. அதைக் கண்டுபிடித்த பிறகு நீர்மூழ்கிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சூடும் குளிரும் மாறுகிற அடுக்குக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளக் கற்றார்கள்.

நாள் 4

புயல் இல்லை, புயலின் சொந்தக்காரன். அலை மோத, கப்பலின் மூக்கு குழைத்துவிடும் குமிழிகள் அடிவயிற்றுக்குக் கீழே போய் அப்பிக்கொள்கின்றன. காற்றுக்குமிழி ஒலிக்குச் சுவர் மாதிரி. கீச்சு கீழே போவதே இல்லை. திரை முழுக்கச் சிதறல். ஆக, என் குப்பையில் ஒரு வகைக்கு இன்று முகவரி தெரிந்தது.

வாந்தி நான்கு முறை. வேறு செய்தி இல்லை.

நாள் 6

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

அளவை என்பது ஏர் உழுவது மாதிரி. ஒரு சால், திரும்பி, பக்கத்தில் அடுத்த சால். மாலை ஆறு மணி வாட்சில், அதாவது கப்பல் ஷிப்டில், உட்கார்ந்திருந்தேன். ஆழத் திரைக்குப் பக்கத்தில் 38 கிலோஹெர்ட்ஸ் மீன்சோனாரின் திரை. அதில் பகலெல்லாம் 400 மீட்டர் ஆழத்தில் ஒரு பட்டை, தரைபோல் கெட்டியாக. சூரியன் சாய்ந்ததும் அந்தப் பட்டை அசைந்தது. மெல்லப் பிரிந்து, புகைபோல மேலே ஏறத் தொடங்கியது. இருட்டுவதற்குள் மேற்பரப்புக்குப் பக்கத்தில் வந்து பரவிவிட்டது.

'தரை எழுந்து வருது' என்றேன். 'எண்பது வருஷம் முன்னாடி அவங்களும் அப்படித்தான் நெனச்சாங்க' என்றார் அக்கா.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் நீர்மூழ்கி தேடும் சோனார்களில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது இது. பகலில் சில நூறு மீட்டர் ஆழத்தில் ஒரு தரை, ராத்திரி அது காணோம். இல்லாத மேடுகள் கடல் வரைபடங்களில் ஏறியதற்கும் இது ஒரு காரணம். பிறகுதான் தெரிந்தது, உயிருள்ள தரை அது. விளக்குமீன்கள், இறால்வகைகள், வாயுப்பை வைத்த சொறிமீன் உறவுகள். பகலில் வேட்டைக்காரர் கண்ணுக்குப் பயந்து இருட்டுக்குள் இறங்குகின்றன, ராத்திரி இரைதேடி ஏறுகின்றன. உலகத்தின் எல்லாப் பெருங்கடலிலும் தினமும். எடை போட்டால் பூமியில் இதைவிடப் பெரிய இடப்பெயர்ச்சி கிடையாது. அதை நாம் கண்டுபிடித்தது எதையோ தேடப் போய்.

விரல்நீள மீன் எப்படி இவ்வளவு சத்தமாக எதிரொலிக்கிறது? மீனின் சதை ஏறக்குறைய தண்ணீர்தான், ஒலி அதை ஊடுருவிப் போய்விடும். வயிற்றுக்குள் மிதப்புக்காக வைத்திருக்கும் காற்றுப்பைதான் திருப்பியடிக்கிறது. ஒரு மீனிடமிருந்து வரும் எதிரொலியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்தப் பையிலிருந்து வருவது. காற்றுப்பை இல்லாத அட்லாண்டிக் அயிலை போன்ற மீன்கள் அதனால் சோனாருக்கு மங்கலாகத்தான் தெரியும். மீன்வளம் எவ்வளவு இருக்கிறது என்று நாடுகள் கணக்கெடுப்பது இந்தக் காற்றுப்பைகளின் எதிரொலியைக் கூட்டித்தான். எந்த இனம், எத்தனை நீளம் என்று தெரிந்துகொள்ள இடையிடையே வலை போட்டும் பார்ப்பார்கள். வெறும் எதிரொலியை நம்பி மீன் எண்ணுவது, கைதட்டலைக் கேட்டுக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்வது போல.

ராத்திரி படுக்கையில் ஒரு கணக்கு ஓடியது. நடுத்தண்ணீரில், சாயங்காலத்தில் சாய்ந்து ஏறும் கோடாக வரும் புள்ளிக்கூட்டம். எத்தனை ஃபைலில் பார்த்திருக்கிறேன்! 'மாலைக் கோளாறு' என்று அதற்குப் பெயர்கூட வைத்திருந்தேன். மின்சாரப் பிரச்சினை என்று நினைத்தேன். அழித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

நாள் 7

மலை.

எங்கள் பழைய வரைபடத்தில் இங்கே ஒரு மேடு இருந்தது, வழவழவென்று, மாவைக் கையால் தட்டிவைத்தது போல. அது யாரும் அளந்த மேடு அல்ல. சாட்டிலைட் ஊகம். கடலடியில் மலை இருந்தால் அதன் நிறை சுற்றியுள்ள தண்ணீரை இழுத்துச் சேர்க்கும். 2,000 மீட்டர் மலைக்கு மேலே கடல்மட்டம் 2 மீட்டர் அளவுக்குப் புடைத்திருக்கும். கப்பலில் போகிறவனுக்குத் தெரியாது, அகலமான புடைப்பு. சாட்டிலைட் ரேடாருக்குத் தெரியும். அதை வைத்து வரைந்த வரைபடத்தைத்தான் நாம் 'உலகக் கடலடி' என்று நீலநீலமாகப் பார்க்கிறோம். எதிரொலி வாங்கி உண்மையில் அளந்தது கால்பங்குக்குச் சற்று மேல்தான். மிச்சத்தையும் 2030-க்குள் அளந்துவிட வேண்டும் என்று சீபெட் 2030 என்கிற உலகக் கூட்டுத்திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. கப்பல் மணிக்கு இருபது கிலோமீட்டர்கூடப் போவதில்லை.

இன்று திரையில் ஒவ்வொரு கீச்சுக்கும் ஒரு இழையாக அந்த மலை நெய்யப்பட்டு வந்தது. முதலில் அடிவாரத்துச் சரிவு. பிறகு விலாவில் ஒரு பெரிய சரிந்த வடு, ஒருகாலத்தில் பாதி மலை பெயர்ந்து விழுந்த மாதிரி. உச்சியில் வாய்பிளந்த கிண்ணம். வாட்ச் முடிந்தும் யாரும் எழவில்லை. கப்பலின் சமையல்காரர்கூட வந்து நின்றார். ஒரு எரிமலையின் வாயை முதன்முதலாக ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தோம், யாரும் பார்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கேட்டுக்கொண்டிருந்தோம்.

சாலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றியபோது கயிற்றில் கனமான குண்டு கட்டி இறக்கி, ஏறக்குறைய 490 இடங்களில்தான் ஆழ்கடலின் ஆழம் கண்டது. ஒரு அளவுக்கே மணிக்கணக்கு. 1925-ல் கிளம்பிய மீட்டியோர் என்ற ஜெர்மன் கப்பல் எதிரொலியை வைத்து இரண்டே வருடத்தில் 67,000-க்கு மேல் அளந்தது. அட்லாண்டிக் நடுவே மலைத்தொடர் எவ்வளவு கரடுமுரடு என்று அதில்தான் வெளிப்பட்டது. 1950-களில் இப்படிப்பட்ட ஆழக் கணக்குகளைத் தாளில் குறித்துக்கொண்டிருந்த மேரி தார்ப், அந்தத் தொடரின் உச்சி நெடுக ஒரு பிளவு ஓடுவதைப் பார்த்தார். கண்டம் நகர்கிறது என்பதற்குச் சாட்சி அது. கூட வேலை செய்த புரூஸ் ஹீசன் அதைப் 'பெண் பேச்சு' என்று முதலில் ஒதுக்கினார். அந்தக் காலத்தில் தார்ப்பை ஆய்வுக் கப்பலில் ஏறவே விடவில்லை. கரையில் உட்கார்ந்து புள்ளி பார்த்தவர். ஒரே ஒரு வித்தியாசம், அவர் புள்ளிகளை அழிக்கவில்லை.

நாள் 9

காலை 9 மணிக்குக் கீச்சு நின்றது. கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் தொலைநோக்கியோடு நிற்பவர் வலதுபக்கம் நீராவி ஊதுவதைப் பார்த்துவிட்டார். திமிங்கிலம். எங்கள் பயண விதிப்படி, அவை குறித்த தூரத்துக்குள் வந்தால் கருவியை நிறுத்த வேண்டும். அவை போன பிறகு காத்திருந்து, மெல்ல ஆரம்பித்துப் படிப்படியாகச் சத்தம் ஏற்ற வேண்டும்.

எரிச்சலாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். சாலின் நடுவில் ஓட்டை விழுகிறது. அக்காவிடம் 'நேவி சோனார்தானே பிரச்சினை, நம்ம சோனார் கீழ பாத்துத்தானே கத்துது' என்றேன்.

2000 மார்ச்சில் பஹாமாஸில் திமிங்கில இனத்தைச் சேர்ந்த 17 விலங்குகள் கரையொதுங்கியதும், கடற்படையின் நடுத்தர அதிர்வெண் சோனாரே காரணமாக இருக்க வேண்டும் என்று அவர்களே அறிக்கையில் ஒத்துக்கொண்டதும் எனக்குத் தெரியும். மற்றது தெரியாது, அக்கா சொல்லித்தான் தெரிந்தது. 2008-ல் மடகாஸ்கரின் வடமேற்கே ஒரு காயலுக்குள், ஆழ்கடலில் வாழும் தர்பூசணித்தலைத் திமிங்கிலங்கள் ஏறக்குறைய நூறு வழிதவறி நுழைந்தன. பெரும்பாலும் செத்துப்போயின. 2013-ல் தனிக்குழு ஒன்று விசாரித்து, அவற்றை விரட்டியிருக்கக்கூடியது அந்தப் பக்கம் அளந்துகொண்டிருந்த 12 கிலோஹெர்ட்ஸ் மல்டிபீம் சோனார்தான் என்று சொன்னது. என் கேபினுக்குப் பக்கத்தில் கத்துகிற அதே வகை.

மூன்று மணிநேரம் போனது. ஹைட்ரோபோன் என்கிற நீரடி மைக்கை மட்டும் இறக்கிக் கேட்டோம். டக், டக், டக் என்று ஒரு தச்சன் தூரத்தில் ஆணி அடிக்கிற மாதிரி. அது அவர்களுடைய சோனார்.

நாள் 10

இன்று கடிதங்களுக்குப் பதில். 'கடலில் தொலைந்த விமானத்தை உங்கள் கப்பல் கண்டுபிடிக்குமா?' என்று கேட்டிருந்தார்கள்.

இங்கிருந்தா, முடியாது. ஒரு டிகிரிக் கீற்று 4,000 மீட்டர் கீழே போய்ச் சேரும்போது 70 மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். அதற்குள் இருப்பதெல்லாம் ஒரே புள்ளி. டைட்டானிக் 269 மீட்டர் நீளம். எங்கள் திரையில் அது நாலு புள்ளி. விமானச் சிதறல் புள்ளிக்குள் புள்ளியாகிவிடும். அதிர்வெண்ணைக் கூட்டினால் கூர்மை கூடும், ஆனால் கடல்நீர் அதைச் சீக்கிரம் விழுங்கிவிடும், தூரம் போகாது. இந்தப் பேரத்திலிருந்து யாருக்கும் விடுதலை இல்லை.

ஆகவே கூர்மையான சோனாரைத் தரைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். 2009-ல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-ஐ இரண்டு வருடம் தேடி, 2011 ஏப்ரலில் கண்டது தரைக்குக் கொஞ்சம் மேலே நீந்தும் ஆளில்லா ஊர்திகள். ஆழம் ஏறக்குறைய 3,900 மீட்டர். பக்கவாட்டு சோனார் தாழ்வாகப் பறந்து பக்கவாட்டில் கத்தும். சாயங்கால வெயிலில் ஒரு கல்லுக்கும் நீளநிழல் விழுகிற மாதிரி ஒலிநிழல் விழும். பொருளை விட நிழல்தான் அதிகம் சொல்லும் என்கிறார்கள் தேடுகிறவர்கள்.

வயிற்றுப்பிள்ளையைக் காட்டும் ஸ்கேனும் இதேதானா என்று இன்னொருவர். ஆமாம், ஒன்றுவிட்ட தங்கை. அதிர்வெண் மட்டும் மெகாஹெர்ட்ஸ் கணக்கில், தூரம் சாண்கணக்கில்.

நாள் 12

நேற்று ராத்திரியிலிருந்து தரை ஏறி வருகிறது. 4,000 மீட்டரில் நிதானமாக இருந்த கீச்சு, 1,000-ல் பரபரப்பானது. 300-ல் மூச்சு வாங்கியது. பதில் சீக்கிரம் வருகிறதே, உடனே அடுத்த கேள்வி. கண்ணை மூடிப் படுத்துக்கொண்டே ஆழம் குறைவதைக் காதால் அளந்தேன். 200 மீட்டருக்கு வந்ததும் பெரிய சோனாரையும் சேற்றை ஊடுருவும் கருவியையும் அணைத்துவிட்டு 300 கிலோஹெர்ட்ஸ் சின்ன சோனாருக்கு மாறினார்கள். அது விநாடிக்குப் பலமுறை கத்துகிறது, மனிதக் காதுக்கு எட்டாது. கேபின் அமைதியானது. தூக்கம் வரவில்லை.

மேலே போனேன். திரையில் இப்போது சேற்றில் எந்தக் கப்பலோ நங்கூரத்தை இழுத்துப்போன தடம்கூடத் தெரிகிறது, உழவுக்கோடு மாதிரி. அதற்கு மேலே, நடுத்தண்ணீரில் ஒரு புள்ளிக்கூட்டம்.

'இந்தச் சால் உன் கணக்கு. சுத்தம் பண்ணிக் குடுத்துட்டு இறங்கு' என்றார் அக்கா.

வளைத்தேன். ஒரு மந்தை, இரண்டாகப் பிரிந்து கப்பலுக்கு வழிவிட்டிருந்தது. கடல்தரை வரைபடத்தில் மீன் இருக்க முடியாது. மேலே வருகிற கப்பல்காரன் அதை மேடு என்று நினைத்துச் சுற்றிப் போவான். 'நடுத்தண்ணீர்ப் பதிவு தனியாச் சேமிச்சாச்சா அக்கா?' என்று கேட்டேன். ஆச்சு என்று தலையாட்டினார். டெலீட் அடித்தேன்.